அக்கா ஓட்டிய மோட்டார்

பிரிக்பீல்ட்ஸில் என் வயதுக்காரர்கள் இப்போது விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கிறோம். நான் சொல்வதில் பிழை இருந்தால் திருத்த ஆளில்லை என்ற தைரியத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இருந்தாலும், இருக்கிற உங்களில் ஒருவருக்காவது அந்தத் தகரக் கொட்டகை நினைவிருக்கும் என்று நம்புகிறேன். ரயில்வே குவார்ட்டர்ஸின் கடைசி வரிசைக்குப் பின்னால், செங்கல்லுக்கு மண் வெட்டியெடுத்த பள்ளங்களைத் தாண்டிப் போனால் அது நிற்கும். பெண்களுக்கு இடதுபக்கம், ஆண்களுக்கு வலதுபக்கம், நடுவில் சாக்கைத் தைத்துத் தொங்கவிட்ட மறைப்பு. மழைக்காலத்தில் அந்தச் சாக்கு நனைந்து ஒரு புளித்த வாடை வீசும். இன்றும் ஈரச் சாக்கை முகர்ந்தால் எனக்கு வெள்ளைத் திரை ஞாபகம் வந்துவிடுகிறது.

ஊமைப் படங்கள்தான். பேசும் படம் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டிருந்தோம். எங்கள் கொட்டகைக்கு வரவில்லை. திரைக்குப் பக்கத்தில் மூங்கில் குச்சியோடு ஒருவர் நின்று தமிழில் கதை சொல்வார். காலையில் பாசாரில் மீன் விற்கிறவர். அந்தக் குரல் மீன் விற்று விற்றுப் பழகிய குரல். தகரத்தில் மழை கொட்டினாலும் அதற்கு மேலே கேட்கும்.

எனக்கு அப்போது வயது பத்து. வருடக் கடைசி மழை. அடுத்த படம் பினாங்கிலிருந்து வரவேண்டியது வரவில்லை என்று சொல்லி ஐந்து வாரம் ஒரே படத்தை ஓட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக் காட்சிக்கு எங்கள் வீட்டில் எல்லாரும் போனோம். அப்பா, அம்மா, அக்கா, நான்.

அது மோட்டார் கார்களைப் பற்றிய சிரிப்புப் படம். ஒரு வெள்ளைக்கார வாலிபன் ஓட்டை மோட்டார் ஒன்று வைத்திருக்கிறான். எதிர்வீட்டுப் பெண்ணின் மேல் ஆசை. அவள் அப்பாவிடம் கப்பல் மாதிரி பெரிய மோட்டார் இருக்கிறது. அவருக்கு இவனைக் கண்டாலே ஆகாது. பந்தயம் வருகிறது. இவன் வண்டியிலிருந்து கதவு விழுகிறது, விளக்கு விழுகிறது, கடைசியில் சக்கரமே கழன்று ஓடுகிறது.

"பாருங்கய்யா! மாப்பிள இன்னும் பாதி வழிதான் வந்திருக்காரு, சக்கரம் முன்னாடியே போய் மாமனார் வீட்டு வாசல்ல நிக்கிது!" என்று மீன்காரர் குச்சியால் திரையைத் தட்டுவார்.

கொட்டகை குலுங்கும். கடைசியில் வாலிபனுக்குக் கையில் அடிபட்டுவிடுகிறது. அந்தப் பெண் குதித்து ஏறி, தானே வண்டியை ஓட்டிப் பந்தயத்தில் ஜெயிக்கிறாள். அவள் அப்பாவின் பெரிய மோட்டார் ஒரு குளத்துக்குள் நிற்கிறது. இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு அவர் இரண்டு பேரையும் ஆசீர்வாதம் செய்கிறார்.

எங்கள் அப்பா ரயில்வே சரக்குக் கொட்டகையில் கணக்கெழுதும் கிராணி. கணக்காகப் பேசுகிறவர். வீட்டில் அவர் சத்தம் போட்டதும் இல்லை, சத்தமாகச் சிரித்ததும் இல்லை. அன்றைக்குச் சாக்கு மறைப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. விக்கி விக்கி, மூச்சு வாங்கி, மறுபடியும் தொடங்கும் சிரிப்பு. யாரோ என்று நினைத்தேன். அம்மா என் தொடையைத் தட்டி, "ஒங்கப்பாடி" என்றார். வெளியே வந்தபோது அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிற்பாடு பல வருடம் நான் அந்தச் சிரிப்பை அவருக்கு எதிராகவே நினைவில் வைத்திருந்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. அவளுக்குப் பதினாறு வயது. வீட்டுக்கு நடக்கும்போது என் காதருகே குனிந்து கேட்டாள்.

"அந்தப் பொண்ணோட காலப் பாத்தியாடி?"

"இல்லையே."

"ஒரு எடத்துல கால மட்டும் காட்டுனாங்கல்ல. கீழ மூணு மிதி இருக்கு. ரெண்டு கால வச்சுக்கிட்டு மூணு மிதிய எப்படி மிதிக்கிறா?"

அடுத்த ஞாயிறும் அம்மாவை நச்சரித்து அந்தப் படத்துக்குப் போனாள். முன் பெஞ்சில் உட்கார்ந்து, அந்தக் கால்கள் வரும் இடத்தில் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்துவிட்டது.

பெரிய ரோட்டில் ஒரு டாக்டர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய மனைவி வாரத்தில் மூன்று நாள் மத்தியானம் தன் வீட்டு முன்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக் கொடுப்பார். அக்கா போவாள், தனியாக அனுப்பக்கூடாது என்று என்னையும் கூட அனுப்புவார்கள். நான் வெட்டுத்துணிகளைப் பொறுக்கி ஒரு பிஸ்கட் டின்னில் சேர்ப்பேன். பூப்போட்டது, கோடுபோட்டது, பட்டுத் துணுக்கு. அந்த டின் எந்த வீடு மாறும்போது தொலைந்ததோ, தெரியவில்லை.

டாக்டரிடம் கறுப்பு மோட்டார் ஒன்று இருந்தது. மேலே கான்வாஸ் கூரை. மழை வந்தால் பக்கவாட்டிலும் கான்வாஸைப் பொத்தான் போட்டு மாட்டுவார்கள். அதில் கண்ணாடிக்குப் பதில் மஞ்சளாக ஒரு மைக்காத் தகடு இருக்கும். உள்ளே இருந்து பார்த்தால் உலகம் முழுக்கத் தேநீரில் நனைந்தது போல் தெரியும். அதை ஓட்டுகிறவருக்கு இருபது வயதுக்குள்தான் இருக்கும். காக்கிக் கோட்டு, மெலிந்த கழுத்து. நாங்கள் டிரைவர் அண்ணன் என்போம். டாக்டர் வீட்டு அம்மா மட்டும் குதிரைவண்டிக் காலத்துப் பழக்கத்தில், குதிரைக்காரனைக் கூப்பிடுவதுபோல், அவரை "சைஸ்" என்றே கூப்பிடுவார்.

ஒரு நாள் தையல் முடிந்து செருப்பு மாட்டும்போது, அவர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா நேராகப் போய்க் கேட்டுவிட்டாள்.

"அண்ணே, அந்த மூணு மிதி எதுக்கு எது?"

அவர் துணியைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். கேலியா என்று சந்தேகம். பிறகு குனிந்து, "இது கிளட்சு, இது பிரேக்கு, இது எண்ணெ குடுக்கறது. மூணையும் சேத்து மிதிக்கிறது இல்லீங்க" என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது.

புதன்கிழமைகளில் டாக்டர், பங்சார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நோயாளிகளைப் பார்க்கப் போவார். டிரைவர் அண்ணன் அவரை விட்டுவிட்டு வந்து, வீட்டிலிருந்து மருந்துப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு திரும்பப் போகவேண்டும். மழையாக இருந்தால் டாக்டர் வீட்டு அம்மா, "சைஸ், இந்தப் பிள்ளையள் மழையிலை நடக்க வேண்டாம், போற வழியிலை விட்டுட்டுப் போம்" என்பார். அந்த வருடம் எந்தப் புதன்கிழமைதான் மழை பெய்யவில்லை!

நாங்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸுக்கு எதிர்த்திசையில், ரப்பர் மரங்களுக்கு நடுவே செம்மண் பாதை ஒன்று ஓடும். பால் எடுக்கிறவர்கள் காலையோடு போய்விடுவார்கள். மத்தியானத்தில் ஈ காக்கை இருக்காது. அங்கே வண்டியை நிறுத்தி அவர் இடம் மாறி உட்காருவார். அக்கா தாவணியை இடுப்பில் செருகிக்கொண்டு, செருப்பைக் கழற்றி என்னிடம் தருவாள். நான் பின் சீட்டில் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில், மடியில் அக்காவின் செருப்போடு. கார்பாலிக் வாடையும் நனைந்த தோல் வாடையும் பெட்ரோல் வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறும்.

முதல் புதன்கிழமை வண்டி தவளை மாதிரி எகிறி எகிறி நின்றது. நான் அழுதேன். இரண்டாவது வாரம் பத்து மரம் தாண்டிப் போனோம். அப்புறம் வண்டியைக் கிளப்பும் இரும்புப் பிடியைச் சுற்றவும் கற்றுக்கொண்டாள்.

"கட்டவெரல மடக்கிப் புடிக்காதீங்க. எல்லா வெரலும் ஒரே பக்கம் இருக்கட்டும். எஞ்சின் திருப்பி ஒதச்சா கட்டவெரல் ஒடிஞ்சிரும்."

அவர் அவளை ஒருபோதும் "நீ" என்றதில்லை. கியரை மாற்றும்போது பல்சக்கரங்கள் கறகறவென்று அரைபடும். அக்கா உதட்டைக் கடித்துக்கொள்வாள் போலும்; அவர், "பரவால்ல. கண்ணால பாக்காதீங்க, காதால கேளுங்க. மாத்தற நேரம் வந்தா வண்டியே சொல்லும்" என்பார். கேட்டாள். நாலாவது வாரம் சத்தமே இல்லாமல் கியர் விழுந்தது. அவர் சீட்டின் விளிம்பைக் கையால் தட்டினார், சபாஷ் என்பதற்குப் பதிலாக.

ஒருமுறை வளைவில் வண்டி வாய்க்கால் பக்கம் சாய்ந்தபோது, அவர் ஸ்டியரிங்கில் அக்காவின் கைமேல் கைவைத்துத் திருப்பினார். வளைவு முடிந்ததும் கையை எடுத்துவிட்டார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பயத்தில்தான் பேசவில்லை என்று நான் நினைத்தேன்.

ஆறு புதன்கிழமைகள். ஆறாவது நாள் மழை கொஞ்சம் விட்டிருந்தது. சேற்றில் பின்சக்கரம் மாட்டிக்கொண்டது. நாங்கள் மூன்று பேரும் இறங்கித் தள்ளினோம். சக்கரம் சுழன்று எங்கள் மேல் செம்மண் குழம்பை வாரி அடித்தது. அக்காவின் முகத்தில் கண்ணைத் தவிர எதுவும் தெரியவில்லை. அவள் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பு அவளிடம் இருந்தது எனக்கு அன்றுவரை தெரியாது. டிரைவர் அண்ணன் தன் கைக்குட்டையை நீட்டினார். அவள் வாங்கித் துடைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு சைக்கிள் எங்களைக் கடந்து போனது. அப்பாவின் ஆபீஸ் பெரிய கிராணி. தோட்டத்தில் இருந்த உறவினரைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தாராம். நிற்கவில்லை. கால் மைல் போய்த் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் அப்பா வேலையிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார். அம்மா அடுப்படி வாசலில் நின்றார். அக்கா அறைக்குள் இருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது.

"நேத்து தையல் முடிச்சு எங்க போனீங்க?"

"கார்ல போனோம்பா."

"முன்னால யாரு ஒக்காந்தது?"

"டிரைவர் அண்ணனும் அக்காவும்."

"எதுக்கு?"

"அக்கா கார் ஓட்டுச்சுப்பா."

அப்பா என்னையே பார்த்தார். கோபம் இல்லை. ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

"இப்படிச் சொல்லணும்னு யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லிக் குடுக்கல. நெசமா ஓட்டுச்சு. ஆறு வாரமா ஓட்டுது. கிளட்ச மிதிச்சுட்டு கியர முன்னால தள்ளணும், அப்புறம் விடணும், அப்புறம் எண்ணெ குடுக்கணும். வண்டி சத்தத்த வச்சுத்தான் மாத்தணும். கைப்பிடியச் சுத்தும்போது கட்டவெரல மடக்கக் கூடாது…"

எனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டினேன். எவ்வளவு சரியாகச் சொல்கிறேனோ அவ்வளவுக்கு நம்புவார் என்று நினைத்தேன். அவர் முகமோ நான் சொல்லச் சொல்ல இறுகிக்கொண்டே போனது. பத்து வயதுப் பிள்ளைக்கு இவ்வளவும் எப்படித் தெரியும்? யாரோ உட்காரவைத்துப் பாடம் பண்ணியிருக்கிறார்கள். அவருக்கு அப்படித்தான் பட்டிருக்கவேண்டும்.

"படத்துல பாத்தத சொல்றா" என்றார் அம்மா.

"இல்லம்மா!"

"அவன் அவ கையப் புடிச்சானா?" என்றார் அப்பா.

எனக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. "ஒரு தடவ. வளைவுல."

அப்பா எழுந்து அறை வாசலுக்குப் போனார். "இவ சொல்றது உண்மையா?"

"உண்மைதாம்பா."

"ஓட்டுனது சரி. அவன் மேல ஒனக்கு…" அவரால் அந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை.

அக்கா பதில் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல் என்று நான் மனதுக்குள் கத்தினேன். அப்பா கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு டாக்டர் வீட்டுக்குப் போனார்.

டாக்டர் நல்லவர்தான். ஏழைகளை அன்பாகப் பார்ப்பார். ஆனால் தன்னைக் கேட்காமல் தன் வண்டியை யாரோ ஓட்டினார்கள் என்பதை அவரால் பொறுக்க முடியவில்லை. அன்றைக்கே டிரைவர் அண்ணனுக்கு வேலை போயிற்று. எங்கள் தையலும் நின்றது.

சனிக்கிழமை மத்தியானம் அவர் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். காக்கிக் கோட்டு இல்லை. வேட்டி, சட்டை. வரிசையில் இருந்த வீடுகளின் சன்னல்களெல்லாம் திறந்தன. ஏதாவது ரகளை நடக்கும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள்.

"ஐயா, ஒங்களக் கேக்காம செஞ்சது தப்புதான். மன்னிச்சிருங்க" என்றார்.

அப்பா வாசற்படியில் நின்றார். "இதச் சொல்லத்தான் வந்தியா?"

"இல்லீங்கையா. அவங்க ஓட்டுறத ஒரு தடவ நீங்க பாக்கணும். என் மாமா பக்கத்துக் கம்பத்துல குடியிருக்காரு, லோரி வச்சிருக்காரு. கேட்டா குடுப்பாரு. நான் ஏற மாட்டேன். நீங்க பக்கத்துல ஒக்காருங்க, அவங்க ஓட்டட்டும். நான் ஆறு பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன், எல்லாம் ஆம்பளைங்க. இப்படி ஒரு கை நான் பாத்ததில்லீங்கையா."

அப்பா ஒரு நிமிடம் அப்படியே நின்றார். அவர் சரி என்று சொல்லிவிடுவார் என்று நான் நிச்சயமாக நம்பினேன். அதற்குள் எதிர்வீட்டு அம்மாள் சத்தமாகச் சிரித்தார். லோரியில் கிராணி மகள்! அடுத்த வீட்டிலும் சிரித்தார்கள். கொட்டகையில் கேட்ட அதே மாதிரிச் சிரிப்பு. அப்பாவின் காது சிவந்தது.

"போயிரு" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

தை மாதம் அக்காவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கிள்ளானில் ஒரு கிடங்கில் கிராணி. முதல் தாரம் தவறிப்போனவர், பிள்ளை இல்லை. அக்காவைவிடப் பதினேழு வயது மூத்தவர். கெட்ட மனிதர் இல்லை, அதையும் சொல்லியாகவேண்டும். ஐம்பது வருடம் அவளிடம் முகம் சுளித்துப் பேசியதில்லை. கல்யாணத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் நான், "அக்காவுக்குக் கார் ஓட்டத் தெரியும்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அம்மா என்னை மூலைக்கு இழுத்துப்போய்க் கிள்ளினார். கல்யாணப் படத்தில் நான் அழுத முகத்தோடு நிற்பேன். எல்லாரும் அக்காவைப் பிரியும் துக்கம் என்பார்கள். அந்தப் படமும் இப்போது இல்லை, ஜப்பான்காரன் காலத்தில் போனது.

அன்றிலிருந்து நான் அப்பாவோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டேன். கேட்டால் பதில் சொல்வேன். தானாகப் போய் எதுவும் சொல்லமாட்டேன். உண்மையைச் சொல்லியும் என்னை நம்பவில்லை என்ற கோபம். பத்து வயதுக் கோபம்தானே, ஆறிவிடும் என்று அவர் நினைத்திருக்கலாம். ஆறவில்லை.

அந்த வருடம் ரப்பர் விலை விழுந்து கிடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் ஆட்களை நிறுத்தி, கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ரயிலில் எங்கே பார்த்தாலும் தகரப் பெட்டியும் சுருட்டின பாயும்தான்.

ஆடி மாதம். அக்கா முழுகாமல் இருந்தாள். அம்மா பலகாரம் செய்து ஒரு கூடையில் கட்டிக்கொடுக்க, அப்பாவும் நானும் கிள்ளானுக்கு ரயிலேறினோம். அந்த வண்டி கிள்ளானில் நின்று, பிறகு துறைமுகத்துக்குப் போகும். பின்பெட்டிகளில் கப்பலுக்குப் போகிற கூட்டம். குழந்தைகள் அழும் சத்தம் எங்கள் பெட்டிவரை கேட்டது.

நல்ல வெயில். கிள்ளான் பிளாட்பாரத்தில் அக்கா குடையோடு நின்றாள். வீடு ஸ்டேஷனுக்குப் பின்னாலேயே இருந்ததால் தனியாக நடந்து வந்திருந்தாள். நான் அவளை நோக்கி ஓடப் போனேன். அப்பா என் கையை விடவில்லை. அவர் அக்காவைப் பார்க்கவில்லை, அவளுக்குப் பின்னால் நின்ற பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சன்னலில் டிரைவர் அண்ணன். ஒடுங்கிப்போன முகம், சவரம் செய்யவில்லை. மடியில் ஒரு தகரப் பெட்டி. அவர் அக்காவைப் பார்த்துவிட்டார். அக்காவும் திரும்பினாள்.

இப்போது ஏதோ நடக்கப் போகிறது என்று நினைத்தேன். அப்பா அவரைத் திட்டுவார், அல்லது அக்காவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார். அப்பா இரண்டும் செய்யவில்லை.

"வா, கார்டப் பாத்துட்டு வருவோம்" என்றார்.

"அக்கா அங்க நிக்கிது."

"வான்னா வா."

பிளாட்பாரத்தின் கடைசிவரை என்னை நடத்திக்கொண்டு போனார். ரயில் கார்டு அவருக்குத் தெரிந்தவர். அப்பா அவரோடு பேச ஆரம்பித்தார். நான் கழுத்தைத் திருப்பி அக்காவைப் பார்க்க முயன்றேன். அப்பா என் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. யாருடைய வேலையைக் கெடுத்து, ஊரைவிட்டே போகவைத்தாரோ, அந்த மனிதன் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் இங்கே வந்து ஊர்க்கதை பேசுகிறார் என்று நினைத்தேன். விசில் ஊதியது. வண்டி நகர்ந்தது. நாங்கள் திரும்பி வந்தபோது அக்கா அதே இடத்தில்தான் நின்றாள். குடை மடங்கி இருந்தது, அவ்வளவு வெயிலில்.

அப்பா கூடையைத் தூக்கிக்கொண்டு, "போலாமா?" என்றார்.

டிரைவர் அண்ணனைப் பற்றி அதன்பிறகு எந்தச் செய்தியும் இல்லை. ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்.

அப்பா ஜப்பான்காரன் சண்டை முடிந்து நாலு வருடம் உயிரோடு இருந்தார். கடைசிக் காலத்தில் நான்தான் பக்கத்தில் இருந்து கவனித்தேன். மருந்து கொடுத்தேன், கால் பிடித்துவிட்டேன், பேசவில்லை. ஒரு நாள் அவர், "என்மேல ஒனக்கு என்னம்மா வருத்தம்?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்லப்பா" என்று சொன்னேன். என் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் இந்தக் கதையைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். எப்போதும் ஒரே மாதிரி: என் அக்காவுக்கு ஆசை மோட்டாரின் மேல் மட்டும்தான்; என் அப்பா அதைக் காதல் என்று நினைத்து அவள் வாழ்க்கையைத் திருப்பிவிட்டார்; நான் ஒருத்திதான் உண்மையைப் பார்த்தவள்.

போன வருடம் கிள்ளானுக்குப் போயிருந்தேன். அக்காவுக்கு எண்பத்தாறு. அதே ஸ்டேஷனுக்குப் பின்னால் அதே வீடு. அத்தான் போய் வெகுகாலம் ஆகிறது. பேத்தி வேலைக்குப் போக, நாங்கள் இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். பேத்தி வண்டியைப் பின்னால் எடுத்துக் கேட்டைத் தாண்டிப் போனதைப் பார்த்துக்கொண்டிருந்ததில் பேச்சு அங்கே போயிற்று. நான் வழக்கம்போல் ஆரம்பித்தேன்.

"அப்பா மட்டும் அன்னைக்கு என்னை நம்பியிருந்தா…"

அக்கா கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"நீ சொன்னது அத்தனையும் நெசம்டி. கார் மேல ஆசதான் எனக்கு." கொஞ்சம் பொறுத்து, "அவரு மேலயும்தான்" என்றாள்.

நான் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"நான் கூடவே இருந்தேனே. ஒரு வார்த்த நீங்க அப்படிப் பேசிக் கேட்டதில்லையே."

"பேசல. அவரும் சொல்லல, நானும் சொல்லல. கியர் மாத்தறதப் பத்தித்தான் பேசினோம். நீ பின்னால ஒக்காந்திருந்த. எங்க மூஞ்சிய நீ எங்க பாத்த?"

"அப்பா கேட்டப்ப ஏன் சும்மா நின்ன?"

"இல்லன்னு சொன்னா பொய். ஆமான்னு சொல்லப் பயம். நான் சும்மா நின்னதுலயே அப்பாவுக்குப் புரிஞ்சிருச்சு. அவரு ஒன்ன நம்பாம இல்ல. என்னைப் பாத்துட்டாரு."

ஸ்டேஷனில் அன்றைக்கு டிரைவர் அண்ணன் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"ஒடம்பப் பாத்துக்குங்கன்னாரு. மிச்சத்த ஒனக்குச் சொல்லமாட்டேன்" என்றாள். அந்த வயதிலும் முகம் மாறியது. பிறகு அவளே கேட்டாள்: "அந்த வண்டி இங்க ரெண்டு நிமிஷம்தான் நிக்கும். இத்தன வருஷமா இதுக்குப் பின்னாலயே குடியிருக்கேன், எனக்குத் தெரியாதா? அன்னைக்கு ஏழெட்டு நிமிஷம் நின்னுச்சு. அப்பா கார்டுகிட்ட என்னதான் பேசினாரு?"

அதுவரை யாரும் என்னை அதைக் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை. யோசித்து யோசித்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். அந்தக் கார்டின் பிள்ளைகள் எந்த வகுப்பு படிக்கிறார்கள் என்று கேட்டார். துறைமுகத்தில் மழை உண்டா என்று கேட்டார். ஒரு சரக்குப் பெட்டியின் கதவு இறுகுகிறதே, எண்ணெய் போட்டார்களா என்று கேட்டார். ரயில் அரை நிமிடம் பிந்தினாலும் இரவுச் சாப்பாடுவரை அதையே சொல்லிக்கொண்டிருக்கிற மனிதர் என் அப்பா. கார்டு கடிகாரத்தை எடுத்துப் பார்த்துவிட்டுப் பச்சைக் கொடியை விரிக்கப் போனார். அப்பா அவர் கையைத் தொட்டு, "கொஞ்சம் இருங்க, இன்னொண்ணு சொல்லணும்" என்றார். சொல்வதற்கு அவரிடம் எதுவும் இல்லை. சுற்றுமுற்றும் பார்த்தார். கடைசியில் என் தலைமேல் கையை வைத்தார்.

"இது என் சின்னப் பொண்ணு. ரொம்பக் கெட்டிக்காரி. பொய்யே பேசாது" என்றார்.

அக்காவிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் அது என் காதில் விழுந்தது.